மாசி மகத்துத் தண்ணீர்

நவமணிக்கு அந்தக் கிணற்றை மூடிய நாளும் தெரியும், திறந்த நாளும் தெரியும். மூடியது எழுபத்தொன்பதில், அவள் புருஷன் சன்னாசியின் உடம்பை அதிலிருந்து தூக்கிய மூன்றாம் நாள். திறந்தது தொண்ணூற்று நாலு ஜனவரியில். அன்றைக்குக் கடப்பாரையின் ஒரு முனையைப் பிடித்தவளும் அவளேதான். சிமெண்டு மூடி நெம்பிக்கொண்டு எழும்பியதும் உள்ளேயிருந்து ஈர வாடை வந்தது. கூட வேலை செய்த ஆட்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பீச் ஸ்ட்ரீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற பழைய கம்பெனிக் கட்டடம் அது. ஃபெர்ரி ஊதுகிற சத்தம் முற்றம் வரைக்கும் கேட்கும். முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் புதுசாக்கினார்கள். பின்முற்றம் முழுக்க சிமெண்டு போட்டு, கார் நிறுத்தி, எண்ணெய் ஊறிக் கிடந்தது. அதை உடைத்துத் தோட்டமாக்கும் வேலை ரொஸ்னாவுடையது. சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். வெளிநாட்டில் தோட்டக்கலை படித்துவிட்டு வந்தவள். முப்பது வயசுகூட ஆகியிருக்காது. கையில் சுருட்டின வரைபடமும், காலில் ஆண்பிள்ளை சப்பாத்துமாகச் சேற்றில் இறங்கி நிற்பாள்.

"அக்கா, புல்லு வேணாம். புல்லு வச்சா தினம் தண்ணி குடிக்கும், மாசம் ரெண்டு தடவ வெட்டணும். நம்ம ஊர்ச் செடியே வைப்போம். பாக்கு, பாண்டான், பெரணி, லெங்குவாஸ். கூரைத் தண்ணிய எல்லாம் மண்ணுக்கு அடியில ஒரு டாங்கில பிடிப்போம். இந்தத் தோட்டம் குழாய்த் தண்ணி ஒரு சொட்டு கேக்காதுலா."

"மழை பேயலன்னா?" என்று கேட்டாள் நவமணி.

"அதுக்குத்தான் கிணறு."

நவமணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். குத்தகைக்காரனிடம் தினக்கூலிக்கு வந்த ஆறு பேரில் அவள் ஒருத்தி. ஐம்பதை நெருங்குகிற வயசு. முட்டியில் வலி. அந்த வேலைக்கு வந்ததே தெரியாத்தனமாகத்தான். லாரி எங்கே கொண்டுபோய் இறக்குகிறதோ அங்கே மண்ணைக் கொத்துகிறவளுக்கு இடம் எது என்று யார் சொல்லப்போகிறார்கள்? லாரியிலிருந்து குதித்த பிறகுதான், கால் இந்த முற்றத்தில் பட்ட பிறகுதான், எங்கே வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாளே அவர் வந்தார். விஸ்வலிங்கம். அந்தக் காலத்தில் இதே கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. இப்போது மேனேஜர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிசாக விபூதி. ஓய்வு வயசு தாண்டியும் இரண்டு வருஷம் நீட்டித்து வாங்கியிருந்தார். இந்தத் தோட்டம் முடிந்து, கோலாலம்பூரிலிருந்து வருகிற தோட்டப் பரிசுக் கமிட்டி கை தட்டிவிட்டுப் போனால், டைரக்டர் நாற்காலி ஒன்று அவருக்கு நிச்சயம் என்று ஆபீஸில் பேச்சு. வாசலில் பதிக்கிற கல்லில் அவர் பெயரும் வெட்டியாகிவிட்டது.

அவர் நவமணியை நேருக்கு நேர் பார்த்தார்.

"உன்ர பேர் என்ன?"

"நவமணிங்கய்யா."

"நல்ல பேர். அந்தப் பூவரசிலை கை வையாதை. ரொஸ்னா பிள்ளை அதை விடச் சொன்னவ." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். பதினைந்து வருஷத்தில் அந்த முகம் அவள் தூக்கத்தில் வராத வாரம் இல்லை. அவருக்கு அவள் பெயரே ஞாபகம் இல்லை. அவள் கொத்தின மண்ணையே திரும்பத் திரும்பக் கொத்திக்கொண்டிருந்தாள்.

சன்னாசி அந்தக் கம்பெனிக்கு மூட்டை தூக்கினவன். பின்முற்றத்து வரிசை வீட்டில் கடைசி அறை அவர்களுடையது. பூவரசும் அவன் நட்டதுதான். குழாய் வந்த பிறகு கிணறு ஒரு வருஷமாகப் பலகை போட்டு மூடிக் கிடந்தது. அப்போது பெரிய முதலாளி வருகிறார் என்று செய்தி வந்தது. முற்றத்தைக் கழுவணும், கிணற்றைத் தூர் வாரணும் என்று விஸ்வலிங்கம் குதித்தார். சன்னாசி சொன்னான்: "ஐயா, மூடிக் கெடந்த கிணறு. முதல்ல ஒரு விளக்க இறக்கிப் பாத்துடுவோம். விளக்கு அணைஞ்சா உள்ள காத்து கெட்டிருக்குன்னு அர்த்தம்."

"பகல் பத்து மணிக்கு உனக்கு விளக்கோ? பயமெண்டால் பயமெண்டு சொல்லு, வேற ஆளைப் பிடிக்கிறன்."

அந்த ஒரு வார்த்தைக்காக இறங்கினான். பாதிக் கயிற்றில் ஒருதரம் நவமணியை நிமிர்ந்து பார்த்தான். அதற்குப் பிறகு கயிறு கனத்தது.

ஈமக்காரியம் முடிந்த மறுநாள் விஸ்வலிங்கம் ஒரு தாளும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். அழகான தமிழ் எழுத்து, அச்சடித்த மாதிரி. "கம்பனி உன்ர புருஷனுக்கு மரியாதை செய்து எழுதினது, பிள்ளை. இதிலை பெருவிரலை வை" என்றார். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. அவள் வைத்தாள். ஒரு நகலை அவளிடமே கொடுத்தார். மாதக் கடைசியில் அறையைக் காலி பண்ணச் சொன்னார்.

அந்த நகலை நவமணி சன்னாசியின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அறையை விட்ட பிறகு அவள் குடி போனது ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் பதினோராம் மாடி. வெள்ளிக்கிழமை தவறாமல் படத்துக்கு வைக்கிற குங்குமத்தில் ஒரு பொட்டு அந்தத் தாளுக்கும் வைப்பாள். மரியாதை செய்து எழுதினது அல்லவா.

பத்து வருஷம் வைத்தாள்.

நாற்பத்து நாலாவது வயசில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், தொழிற்சங்கக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் அவள் சேர்ந்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், பென்சிலைப் பிடித்தால் முறிந்துவிடும். "அ" எழுதக் கற்றுக்கொள்ளவே ஒரு மாசம். ஒன்றரை வருஷத்தில் பேப்பர் தலைப்பு வாசிக்கத் தெரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இனி அவருக்கு எழுதின மரியாதையை நானே வாசிக்கிறேன் என்று படத்தின் பின்னாலிருந்து தாளை எடுத்தாள். குங்குமத்தைத் துடைத்துவிட்டு விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

"என் கணவர் சன்னாசி வேலை நேரத்தில் மது அருந்தும் பழக்கம் உள்ளவர். அன்றைய தினமும் போதையில் இருந்தார். எவருடைய உத்தரவும் இன்றித் தானாகவே கிணற்றில் இறங்கினார். இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு ரேகை வைக்கிறேன்."

பதினோரு தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன். கள்ளு வாசம் வருகிற ஆளோடு பஸ்ஸில் உட்காரமாட்டான். மகள் ஜெயலெட்சுமிக்குப் பெண் கேட்டு வந்தவர்கள், "அப்பன் குடிச்சிட்டு கிணத்துல விழுந்தவனாமே, கம்பெனியிலயே எழுதி வச்சிருக்காங்களாம்" என்று சொல்லித் திரும்பிப் போனபோது, யார் இந்தக் கதையைக் கட்டிவிட்டது என்று நவமணி தெருவெல்லாம் சண்டை போட்டிருக்கிறாள். கட்டிவிட்டது அவளுடைய பெருவிரல்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் அழவில்லை. விரலைச் சுவரில் தேய்த்தாள். தோல் கழன்று ரத்தம் வருகிற வரைக்கும் தேய்த்தாள்.

இப்போது கிணறு திறந்திருக்கிறது. அந்தக் கிணற்றைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அந்தக் கட்டடத்தில் வேறு எவருக்கும் தெரியாது.

அது கடலோடு உறவுள்ள கிணறு. கடல் வற்றுகிற நேரத்தில் வாளி விட்டால் இளநீர் மாதிரி இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள் கடல் பொங்கும். வரிசை வீட்டுக்காரர்கள் அதைப் பெரிய தண்ணி என்பார்கள். அந்த நாட்களில் கிணற்றில் வாளி விடமாட்டார்கள். விட்டால் சோறு கரிக்கும், கீரைப் பாத்தி கருகும். அதுவும் மாசி, பங்குனியில் கடல் பொங்கினால் சொல்ல வேண்டியதில்லை. வாளியில் எடுத்தாலே அப்படி. மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடலே உள்ளே வரும்.

ரொஸ்னாவின் ஆள் வந்து குப்பியில் தண்ணீர் பிடித்துப் போனது அஷ்டமியன்று, காலை பத்து மணிக்கு, கடல் நன்றாக வற்றியிருந்த நேரம். பரிசோதனையில் நல்ல தண்ணி என்று வந்தது. நவமணி பக்கத்தில்தான் நின்றாள். அப்போது அவளுக்கு எந்த யோசனையும் இல்லை. சொல்லலாம் என்றுகூட இருந்தாள்.

அந்த எண்ணத்தை மாற்றியது விஸ்வலிங்கத்தின் வாய்தான். செடிகள் பட்டர்வொர்த் பண்ணையிலிருந்து ஃபெர்ரியில் வந்து நட்டாகிவிட்டது. முந்நூற்றுச் சொச்சம் கன்று. குத்தகைக்காரன் மற்றவர்களை அனுப்பிவிட்டு, மூன்று மாசம் செடிகளைப் பார்த்துக்கொள்ள நவமணியை மட்டும் விட்டிருந்தான். ரொஸ்னா சிங்கப்பூரில் வேறு வேலையாக இரண்டு வாரம் போயிருந்தாள். அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து மழையே இல்லை. டாங்கியில் முழங்கால் அளவு தண்ணீர்.

விஸ்வலிங்கம் முற்றத்தில் நின்று ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிற பெண் சபூராவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "திறப்பு விழாவை மாசி மகத்திலை வைக்கிறன். தண்ணிக் காரியத்துக்கு அதைவிட விசேஷமான நாள் கிடையாது. ஐயர் வந்து கிணத்துக்குப் பூசை செய்வார். எங்கட தலைவர் டத்தோ மோட்டாரைத் தட்டுவார். தண்ணி அப்பிடியே மழை மாதிரி எல்லாச் செடியிலையும் விழவேணும். அதுக்குப் பிறகு கமிட்டி வருமட்டும் காலமையும் பின்னேரமும் விடவேணும். பச்சைப் பசேலெண்டு இருக்கவேணும்."

மாசி மகம். முழுப் பௌர்ணமி.

நவமணியின் கையிலிருந்த ரப்பர் குழாய் நழுவியது. சபூரா சிரித்துக்கொண்டே, "பூதம் கண்ட மாதிரி நிக்கிறீங்க அக்கா" என்றாள்.

"இல்லம்மா. வெயிலு."

"சார், இந்தக் கிணத்துத் தண்ணி நல்லதா? மூடி வச்சிருந்ததுனு சொன்னாங்களே" என்று கேட்டாள் சபூரா.

"ஓம், முந்தி ஒரு குடிகாரன் உதுக்குள்ளை விழுந்து செத்தவன். அதுக்காக மூடினது. தண்ணியிலை ஒரு பிழையும் இல்லை."

அவர் அதைச் சொன்னது நவமணிக்கு மூன்றடி தள்ளி நின்று. சாதாரணமாக, பழைய ஓட்டை வாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் அவள் சூலியா தெருவில் இறங்கி ஒரு எழுது தாள் கட்டு, ஒரு கார்பன் தாள், ஒரு உறை வாங்கினாள். வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆயிற்று.

"மேனேஜர் ஐயா அவர்களுக்கு. இந்தக் கிணற்றுத் தண்ணீர் பௌர்ணமி அமாவாசையை ஒட்டி உப்பாகும். வற்றின நேரம் மட்டும் நல்ல தண்ணீர். மாசி மகத்தன்று மோட்டார் போட்டால் செடி எல்லாம் கருகிப் போகும். நான் இந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒன்பது வருஷம் சோறு பொங்கினவள். தெரிந்து எழுதுகிறேன். தங்கள் உத்தரவு எப்படியோ அப்படிச் செய்கிறேன். இப்படிக்கு நவமணி, காலஞ்சென்ற சன்னாசியின் மனைவி."

வாயால் சொன்னால் ஒரு நிமிஷத்து வேலை. வாயால் சொன்னால் அவர் ஒருவேளை கேட்டும் தொலைப்பார். கூலிக்காரி எழுதிய கடிதத்தை அவர் பிரிக்கமாட்டார். அது அவளுக்குத் தன் முட்டி வலியைப் போல நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயத்தின் மேல்தான் அவள் எல்லாவற்றையும் வைத்தாள்.

காலையில் கவுண்டருக்குப் போனாள். "சபூரா, இத ஐயாகிட்ட குடுக்கணும். இந்த நகல்ல ஒரு சாப்பு அடிச்சுக் குடும்மா."

எந்தக் கடிதம் வந்தாலும் வாங்கினதாகத் தேதி ரப்பர் முத்திரை அடிப்பது அந்த ஆபீஸ் வழக்கம். சாப்பு என்பார்கள். சபூராவுக்குத் தமிழ் பேச்சு வரும், எழுத்து தெரியாது. "என்னக்கா, லவ் லெட்டரா?" என்று கேட்டுக்கொண்டே டக்கென்று அடித்து, கீழே கையெழுத்தும் போட்டாள். தேதி தெளிவாக விழுந்தது.

விஸ்வலிங்கம் அப்போதுதான் உள்ளே வந்தார். உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் எழுதித் தந்தது? மகளுக்கு வேலை கேட்டோ? எல்லாரும் இப்ப இதுதான். விழா முடியட்டும், பாப்பம்."

"எப்ப முடியுதோ அப்பப் பாருங்கய்யா" என்றாள் நவமணி.

அவள் கண் முன்னாலேயே உறை மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

மாசி மகத்தன்று முற்றம் கல்யாண வீடாக இருந்தது. நாதஸ்வரம்கூட வந்திருந்தது. கம்பெனித் தலைவர் டத்தோ, வயசான சீனர், கிணற்றுக்குக் கற்பூரம் காட்டும்போது மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். ரொஸ்னா காலை விமானத்தில் நேராக வந்திருந்தாள். நவமணியைக் கண்டதும் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! ஒரு கன்றுகூடச் சாகலயேக்கா. உங்க கைதான். பெரணி எல்லாம் எப்படி விரிஞ்சிருக்கு பாருங்க!"

பெரணிகள் விரித்த விசிறி போல நின்றன. ஒவ்வொன்றையும் அவள்தான் குழியில் இறக்கினாள். சுற்றி மண்ணை விரலால் அழுத்தினாள். வெயிலுக்குச் சாக்கு கட்டினாள். பிள்ளை மாதிரி என்றெல்லாம் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் எது எந்த வரிசையில் எத்தனையாவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

டத்தோ மோட்டாரைத் தட்டினார். குழாய்களிலிருந்து தண்ணீர் தூவானமாக எழும்பி வெயிலில் மின்னி இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு துளி நவமணியின் உதட்டில் விழுந்தது. நாக்கால் தொட்டாள். கடல்.

ரொஸ்னா கூரைக்கடியில் நனையாமல், ஒரு கை தூரத்தில் நின்றாள். ஒரு வார்த்தை போதும். "நிறுத்தச் சொல்லும்மா" என்றால் அந்தப் பெண் பாய்ந்துபோய் மோட்டாரை நிறுத்தியிருப்பாள். நவமணி வாயைத் திறந்தாள். அப்போது விஸ்வலிங்கம் மைக்கைப் பிடித்து, "இந்தக் கிணறு பாழாய்க் கிடந்தது. நான்தான் இதுக்கு உயிர் குடுத்தனான்" என்றார்.

நவமணி வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ரொஸ்னா வேறு வேலைக்குப் போய்விட்டாள். நவமணி உத்தரவுப்படி காலையும் சாயங்காலமும் மோட்டார் போட்டாள். ஒவ்வொரு தடவையும் மேனேஜர் அறை வாசலில் நின்று, "போடவாங்கய்யா?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் நிமிராமல் கையை ஆட்டினார். நாலாம் நாள் பெரணியின் ஓரம் காப்பிப் பொடி நிறமானது. ஆறாம் நாள் லெங்குவாஸ் இலைகள் சுருண்டன. பாக்குக் கன்றுகளின் குருத்து வாடித் தலை சாய்ந்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு. பத்தாம் நாள் முற்றம் அடுப்படிச் சாம்பல் மாதிரி இருந்தது. அவள் ஒவ்வொரு வரிசையாக நடந்து, செத்ததைப் பிடுங்காமல் அப்படியே விட்டாள். கண்ணில் படட்டும் என்று.

பரிசுக் கமிட்டி வர மூன்று நாள். டத்தோ வந்தார். ரொஸ்னாவும் ஓடி வந்தாள். முற்றத்தைப் பார்த்ததும் அவள் அப்படியே பெரணி வரிசைக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். ஒரு இலையைத் தொட்டாள். அது கையில் நொறுங்கியது.

விஸ்வலிங்கம் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நவமணியையும். டத்தோவிடம் மலாயில் விளக்கினார்: உரம் என்று நினைத்து இந்தப் பெண் களைக்கொல்லி மருந்தை அடித்துவிட்டாள். படிக்காதவள், டின்னில் எழுதியிருப்பது தெரியாது. அதோடு பின்னேரங்களில் கொஞ்சம் குடியும் உண்டு போலிருக்கிறது. ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கிறாள். குத்தகைக்காரனே எல்லாவற்றையும் மாற்றி நட்டுத் தரவேண்டியதுதான்.

பிறகு மேசை மேல் ஒரு தாளை வைத்தார். பக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். குரல் அதே இதம்.

"பயப்பிடாதை பிள்ளை. உனக்கு ஒண்டும் வராமல் நான் பாக்கிறன். சும்மா ஒரு கடுதாசி. இதிலை பெருவிரலை வை."

நவமணி தாளைப் பார்த்தாள். அதே கை. அச்சடித்த மாதிரி. இதற்காகத்தான் அவள் பத்து நாளாக அவர் வாசலில் போய் நின்றாள். செடி செத்தால் பழியை அவள் தலையில் எழுத அவர் காகிதம் எடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். மனுஷனுக்கு ஒரே ஒரு வித்தைதான்.

"என்ன எழுதியிருக்குங்கய்யா?"

"செடி தவறிப் போச்சு, மன்னிக்கவேணும் எண்டு. வேறொண்டும் இல்லை."

அவள் தாளைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சத்தமாக வாசித்தாள்.

"நான்... நவமணி... வேலை நேரத்தில் மது அருந்தும் பழக்கம் உள்ளவள்..."

அவள் நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தாள். "எவருடைய உத்தரவும் இன்றித் தானாகவே மருந்து தெளித்தேன். இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு..." அந்த இடத்தில் நிமிர்ந்தாள்.

"எப்பங்கய்யா வாசிச்சுக் காட்டுனீங்க?"

விஸ்வலிங்கத்தின் விபூதி வியர்வையில் கரைந்தது. "நீ... உனக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"இப்பத் தெரியும். அப்பத் தெரியல."

மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். சாப்பு அடித்த நகலை டத்தோவுக்கு முன்னால் வைத்தாள். "ரொஸ்னாம்மா, உனக்குத் தமிழ் எழுத்து வராதுல்ல. நான் வாசிக்கிறேன், நீ அவருக்கு மலாயில சொல்லு."

வாசித்தாள். ரொஸ்னா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். "உப்பாகும்" என்ற இடத்தில் அவள் நவமணியைத் திரும்பிப் பார்த்தாள். டத்தோ முத்திரையின் தேதியைப் பார்த்தார், சபூராவைக் கூப்பிட்டார். அவள் தன் கையெழுத்துதான் என்றாள். "சார் இழுப்பறைலதான் வச்சாரு" என்றாள் மெதுவாக. டத்தோ தானே எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தார். உறை ஒட்டினது ஒட்டினபடி இருந்தது.

நவமணி இரண்டாவது தாளை எடுத்தாள். குங்குமக் கறை படிந்து மஞ்சளாகிப் போனது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். பதினைந்து வருஷ இடைவெளி, ஒரே கை, ஒரே வாசகம். பழையதையும் வாசித்தாள், ரொஸ்னா அதையும் மலாயில் சொன்னாள்.

"ஐயாவுக்கு என்னைத் தெரியல. கடேசி அறை சன்னாசி பொண்டாட்டி. விளக்க இறக்கிப் பாப்போம்னு சொன்ன ஆளு."

விஸ்வலிங்கம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டத்தோ இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, உனக்கு என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

"காசு வேணாம் டத்தோ. அவரு கையாலேயே எழுதணும். சன்னாசி குடிக்கல. விளக்கு கேட்டான், நான்தான் குடுக்காம இறக்குனேன்னு. தமிழ்ல. நான் வாசிச்சுப் பாத்துக்குவேன்."

டத்தோ ஒரு வெள்ளைத் தாளை விஸ்வலிங்கத்தின் முன்னால் நகர்த்தினார். அவர் எழுதினார். இந்தத் தடவை எழுத்து அச்சடித்த மாதிரி இல்லை. இரண்டு இடத்தில் அடித்தல். எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைச் சாய்த்தார்.

நவமணி பேனாவைப் பிடுங்கவில்லை. மைப்பெட்டியை மட்டும் அவர் பக்கம் தள்ளினாள்.

"விரலு."

"நவமணி... நான் படிச்ச மனுசன்..."

"தெரியுங்கய்யா. அதனாலதான்."

அவர் டத்தோவைப் பார்த்தார். டத்தோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொஸ்னாவைப் பார்த்தார். அவள் தன் கையிலிருந்த நொறுங்கிய இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஸ்வலிங்கம் பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தார். ரேகை கொஞ்சம் இழுபட்டது.

"இன்னொரு தடவ. தெளிவா விழல."

இன்னொரு தடவை வைத்தார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சோப்பு போட்டாலும் மூணு நாளைக்குப் போகாதுங்கய்யா" என்றாள் நவமணி. "எனக்குப் பதினஞ்சு வருஷம் போகல."

மண்வெட்டியை எடுக்க முற்றத்துக்கு வந்தாள். ரொஸ்னா பின்னாலேயே வந்தாள். முந்நூற்றுச் சொச்சம் கன்றும் கருகிக் கிடந்தன. கிணற்றோரத்துப் பூவரசு மட்டும் ஒரு இலை வாடாமல் மஞ்சள் பூவோடு நின்றது. அது உப்புக்குப் பழகின மரம்.

"அக்கா, அவருக்கு எழுதுனீங்க சரி. என்கிட்ட ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாமே. நான் பக்கத்துலதானே நின்னேன்."

"சொல்லியிருக்கலாம்."

"என் ரெண்டு வருஷ வேலைக்கா இது."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

நவமணி குனிந்து மண்வெட்டியை எடுத்தாள். மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் பொய்யாக இருக்கும்.

"நாளைக்கு வராதீங்கக்கா" என்றாள் ரொஸ்னா.

"சரி." இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "மண்ணைக் கழுவணும்னா மழைத் தண்ணிய விடு. கிணத்துல எடுக்கறதுனா அஷ்டமி, நவமில எடு, கடல் வத்துற நேரமா. வாளில. மோட்டாரு வேணாம்."

ரொஸ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

நவமணி பஸ் ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் புதுத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கோர்ட் கடிதமா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. எம் புருஷனுக்கு மரியாதை செஞ்சு எழுதுனது" என்றாள். மறுபடியும் வாசித்தாள்.